நாத்தனார் முடிச்சு

ஒரகடம்,
ஞாயிறு மாலை.

அன்புத் தம்பி இசக்கிதுரைக்கு, அக்கா முத்துச்செல்வி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை; மனசுதான் ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கல்யாணத்தன்று கனிஷ்கா கழுத்தில் நீ முதல் முடிச்சுப் போட்டதும், மற்ற இரண்டையும் நாத்தனார் முறைக்கு நான்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய். புருஷனைப் பறிகொடுத்தவள் கை தாலிக்கயிற்றில் படலாமா? இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, எனக்குள்ளேயே அந்தக் குரல் கிடக்கிறது. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படித் தாங்குவேன்?

ஹாஸ்டலில் ரத்னா மேடம் தியானம் சொல்லித்தருகிறார். பயம் வந்தால் விரட்டாதே, மூச்சைக் கவனித்தபடி அதைப் பார், பிறகு அதற்கு நேர் எதிரான நினைப்பை அந்த இடத்தில் வை என்கிறார். என் கை நல்ல கை என்று வைத்துப் பார்த்தேன். மனசு கேட்டால்தானே! கண்ணை மூடினால் உன் அத்தான் முகம்தான் வருகிறது. நினைத்தால் மட்டும் போதாது, செய்தும் பார்க்கணும் என்றார் மேடம்.

போன வாரம் கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்யும் பிள்ளைப்பாக்கம் ராஜலட்சுமிக்கு, ஏழு மாதம் என்று, கேன்டீனில் வளையல் போட்டோம். நான் நைசாக நழுவப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“இன்னாக்கா, கைய நீட்டிகினு கீறேன், நீ போடமாட்டியா?”

போட்டுவிட்டேன். அதோடு என் நிம்மதி போச்சு. ஷிஃப்டுக்கு வந்ததும் குழந்தை அசைகிறதா என்று கேட்டு அவளை நச்சரிக்கிறேன். பிரசவம் எனக்கா உனக்கா என்று அவளே அலுத்துக்கொள்கிறாள்.

அவளுக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும், பிறகு உனக்குச் சரி சொல்லலாம் என்றிருந்தேன். இன்று காலை தியானத்தில் உட்கார்ந்தபோது சுருக்கென்றது. அவளுக்கு ஏதாவது ஆனால் என் கைதான் காரணம் என்றல்லவா காத்துக்கொண்டிருக்கிறேன்! பயம் எங்கேயும் போகவில்லை, அவள் வயிற்றைக் காட்டி என்னை மிரட்டுகிறது.

அதனால் நான் காத்திருக்கப் போவதில்லை. சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டேன். தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்காதே, பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். மணமேடையில் பெரியம்மா தடுத்தால் சண்டை போடாதே. அக்கா என்று சத்தமாக ஒருதடவை கூப்பிடு, வந்துவிடுவேன். முடிச்சு விழக் கொஞ்சம் நேரமாகும். கனிஷ்காவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

இருவரும் நன்றாக இருங்கள். நீ நூறு வயது இருந்துவிடு தம்பி, அதை மட்டும் எனக்காகச் செய்.

உன் அக்கா,
முத்துச்செல்வி