வெள்ளை மேல்தாள் எதற்கு?

வோல்டா,
ஜனவரிக் கடைசி.

அன்புத் தம்பி தோர்லைவுக்கு, அக்கா குட்வெய்க் எழுதுவது. இங்கே நானும் அத்தானும் நலம். நீ நலமா என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை மனசு வரவில்லை. போன் அடித்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம்.

பனியில் சறுக்க நீ கேட்ட புது ஸ்கீ ஜோடிக்கு உள்மரம் சீவி முடித்துவிட்டேன். ஓர இரும்பும் பொருத்தியாகிவிட்டது. கராஜில் அடுக்குகளை அழுத்தி ஒட்டும் பிரஸ்ஸைச் சூடாக்கியும் பார்த்துவிட்டேன். மேல்தாள் ஒட்டுவதுதான் பாக்கி. அங்கேதான் நிற்கிறேன்.

"வெள்ளை மேல்தாள் போடுக்கா, படம் கிடம் எதுவும் வேணாம்" என்று செய்தி அனுப்பியிருந்தாய். காரணமும் சொல்லியிருந்தாய். கறுப்போ சிவப்போ வெயிலைக் குடிக்கும், மேலே விழுந்த பனி உருகி உறைந்து கனக்கும், வெள்ளையில் அந்தத் தொல்லை இல்லை. சரிதான். ஸ்கீ செய்கிற எவரும் தலையாட்டுகிற காரணம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. நைலான் தாளா, பிர்ச் மரச் சீவலா, துணியா என்று ஒவ்வொரு தடவையும் மேசையில் பரப்பி வைத்துக் கேட்டிருக்கிறேன். "எதையாவது ஒட்டு, நான் சறுக்கப் போறது அடிப்பக்கத்துல" என்று காபியைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. அந்த வாயிலிருந்து இவ்வளவு பொருத்தமான காரணம் எப்படி வந்தது?

அத்தானிடம் சொன்னேன். "கலர் கேட்டது ஒரு குத்தமா? நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்று சிரித்தார். சரி, அவன் கேட்டதையே போடுவோம் என்று வெள்ளை நைலான் தாளை அளந்து வெட்டினேன். பசை பிடிக்க வேண்டிய சொரசொரப்புப் பக்கத்தைத் துடைத்தேன். வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வாசலில் பனிமேல் போட்டேன். காணவில்லை, தம்பி. கண்ணெதிரே போட்டதைக் குனிந்து கையால் துழாவித்தான் எடுத்தேன்.

போன மார்ச்சில் மலையில் பனி சரிந்து உன்னையும் உன் சிநேகிதன் ஓஸ்முண்டையும் மூடியபோது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த உன் ஸ்கீயின் சிவப்பு நுனியைப் பார்த்துத்தான் முதலில் உன் பக்கம் தோண்டினார்கள். அவனிடம் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சிவப்பை ஒட்டியவள் நான். அடக்கத்தன்று அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஏன் முதல்ல எடுத்தாங்க?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ அவன் பெயரையே எடுக்கவில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் நான் சும்மா இருப்பேனா? ட்ரோம்சோவில் உன் எதிர்வீட்டு சோல்விக்குப் போன் போட்டேன். அவள் மகளை விசாரிப்பது போலப் பேச்சுக் கொடுத்தேன். அவள் பாட்டுக்கு உன்னைப் புகழ ஆரம்பித்தாள். பனியில் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் கருவியை அவள் மகளுக்கே கொடுத்துவிட்டாயாம். "எனக்கு இனிமே தேவைப்படாது" என்றாயாம். எவ்வளவு நல்ல மனசு என்கிறாள். போனை வைத்துவிட்டுப் போய் பிரஸ்ஸை அணைத்தேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். யாரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி மலையிலேயே கிடந்துவிடப் பார்க்கிறாயா? சாக நினைக்கிறாயா? இல்லையென்றால் அக்காவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆமாம் என்றாலும் எனக்குக் கோபமில்லை. உன்னை முதலில் எடுத்தது உன் தப்பில்லை, தம்பி. எடுத்தார்களே என்று நான் தினமும் சந்தோஷப்படுகிறேன். ஓஸ்முண்டின் அம்மாவைக் கடையில் பார்க்கும்போதும் அந்தச் சந்தோஷம் போவதில்லை. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

இதைத் தபாலில் போட எனக்குத் தைரியம் வரவில்லை. கொண்டுவந்து கொடுத்த அத்தானை நீ இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பாய். உள்ளே கூப்பிடு. உன்னை எதுவும் கேட்கமாட்டார், அதெல்லாம் அவருக்கு வராது. நீ இங்கே வரக் கிளம்பும்வரை அங்கேயே இருக்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். எத்தனை நாளானாலும் இருப்பார். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷன். பட்டினி போடாமல் பத்திரமாக அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா.

நூறு வயசு நீ இருக்கணும்.

உன் அக்கா,
குட்வெய்க்