ஷாமினி என்னத்தைத் தின்றாள்

3 மார்ச் 2024, ஞாயிறு

பள்ளிச் சீருடை வாங்க ஈப்போ டவுனுக்குப் போனோம். மகள் ஷாமினிக்கு ஒன்பது வயது. பதினான்கு வயது அளவுதான் இடுப்பில் ஏறியது. நீளத்தில் ஒரு சாண் வெட்ட வேண்டுமாம். கடைக்காரப் பெண்மணி அவளைப் பார்த்தாள், பிறகு என் தொப்பையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எனக்குத்தான் விளங்கவில்லை. ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ. என்னத்தைத் தின்கிறாள் இந்தப் பெண்?

8 மார்ச்

அரசாங்க கிளினிக். இரண்டரை மணி நேரம் காத்திருந்து நான்கு நிமிடம் டாக்டரைப் பார்த்தோம். மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா என்றார். "தா அடா", ஒன்றும் இல்லை என்றேன். ஒரு தட்டின் படம் கொடுத்தார்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், அரைத் தட்டு காய்கறி. கொடுக்கும்போது என்னைத்தான் பார்த்தார்.

கௌசிகா அதைக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். என் மனைவிக்கு ஒட்டுவதற்கு ஏதாவது கிடைத்தால் போதும்.

19 மார்ச்

ஆயர் தாவாரிலிருந்து மங்களம் அக்கா போன். "கண்ணு பட்டிருக்கும்டா தனேஸ், சுத்திப் போடு." சுற்றிப் போட்டாயிற்று. மிளகாய் நெடியில் இருமியது நான்தான்.

"இழுப்பு வருதா பிள்ளைக்கு?"

"வரலக்கா."

"பாத்தியா! என் பொடி லா!"

அதை மறுக்க முடியாது. போன செப்டம்பரிலிருந்து ஊறுகாய் போத்தலில் அக்கா அனுப்பும் வேர்ப் பொடி, காலையில் ஒரு கரண்டி, தேனில். மூச்சிழுப்பு போன இடம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பம்ப் அலமாரி மேல் தூங்குகிறது. என் முழங்கால் வலிக்கும் அதே பொடிதான்.

1 ஏப்ரல்

ஷாமினிக்கு இனி ரொட்டி சானாய் பாதி. மைலோ கிடையாது. நான் முழு ரொட்டியை வேனுக்குள் ஒளிந்து சாப்பிட்டேன். பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்கு இந்த ஒரு வசதி உண்டு.

14 ஏப்ரல், சித்திரைப் புத்தாண்டு

அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அங்கே எடை பார்க்கும் கருவி ஒன்று. பாதி ரொட்டிக்குப் பிறகும் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து முறுக்கு டின் காலி என்று யாரோ சொன்னார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்: "திருடித் திங்கிறியா? அதான் இப்படி ஊதிக் கிடக்கிறியா?"

"நான் எடுக்கலப்பா."

"பொய் வேறயா!"

அத்தைமார் சிரித்தார்கள். அவள் அழவில்லை. அழுதிருக்கலாம்.

15 ஏப்ரல்

வேனில் என் பக்கத்து இருக்கை அவளுடையது. இன்று கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

6 மே

பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளைகள் டாக்டர் ரஜிதா, நம் ஆள். எடையைவிட உயரத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். "அதிகமா சாப்பிட்டு எடை ஏறுற பிள்ளைங்க பெரும்பாலும் உயரமும் வளருவாங்க. இவ எட்டு மாசமா வளரவே இல்ல." வயிற்றில் ஊதாக் கோடுகள். நான் பார்த்ததே இல்லை. அப்பன்!

மருந்து ஏதாவது? தா அடா.

ரத்தம் எடுத்தார்கள். மூளைக்குள் சின்னக் கட்டி இருந்தாலும் இப்படி வரலாம், பார்க்க வேண்டும் என்றார். கார் பார்க்கில் வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். மூக்கைச் சிந்த அந்தத் தட்டுப் படத்தின் இன்னொரு பிரதிதான் கையில் இருந்தது.

முருகா, கட்டி வேண்டாம். குண்டாகவே இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்.

20 மே

கட்டி இல்லை. நான்தான்.

டாக்டர் சொன்னது: உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு அநேகமாக நின்றே போய்விட்டது. வெளியிலிருந்து யாரோ கொடுத்துக்கொண்டிருந்தால்தான் அப்படி நிற்கும். "நல்லா யோசிங்க. க்ரீம், மாத்திரை, ஜாமு மாதிரி நாட்டு மருந்து, எதுவும் இல்லையா?"

இல்லை என்று வாயெடுத்தேன். கௌசிகா என் தொடையைக் கிள்ளினாள். "அந்தப் பொடி?"

"அது மருந்தா? வேர்ப் பொடி லா!"

இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் பையில் வந்தால் மருந்து. ஊறுகாய் போத்தலில் அக்கா அனுப்பினால் அது சாப்பாட்டில் சேர்த்தி. எட்டு மாதம், தினமும் ஒரு கரண்டி, என் கையால். இழுப்புக்கும் முழங்காலுக்கும் ஒரே பொடி என்றபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? மாடு.

போத்தலைக் கொண்டுபோய் உடைப்பேன் என்று எழுந்தேன். டாக்டர் உட்காரச் சொன்னார். சட்டென்று நிறுத்தினால் பிள்ளை மயங்கி விழும், உயிருக்கே ஆபத்து. பொடிக்குப் பதில் இன்றே மாத்திரை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பொடி சோதனைக்குப் போகிறது. அதே பொடியைத் தின்ற என்னையும் கிளினிக்கில் போய் ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

17 ஜூன்

சோதனை முடிவு வந்தது. பொடியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அக்காவுக்கு விற்றவன் போனை எடுப்பதில்லை. அக்கா என் போனை எடுப்பதில்லை.

14 ஜூலை

ஷாமினியிடம் என் தப்பை இன்னும் சொல்லவில்லை. டாக்டர் கண்டுபிடித்தார், டாக்டர் சரிசெய்கிறார் என்று கதை விட்டு வைத்திருக்கிறேன். அக்காவின் பொடி, விற்றவனின் கலப்படம் — கதையில் எல்லோரும் இருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை. இழுப்பு திரும்பி வந்துவிட்டது. பம்பை எடுத்துக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

மூன்று கிலோ குறைவு. ஒரு சென்டிமீட்டர் உயரம்! கௌசிகா கதவு நிலையில் கோடு போட்டாள்.

அந்தத் தெம்பில் சொல்லிவிட்டேன். தினமும் கரண்டியில் கொடுத்தது அப்பாதான், நீ ஒன்றும் தின்னவில்லை, தப்பு என்னுடையது என்று. அழுதும் விட்டேன், அசிங்கமாக.

அவள் கதவுக் கோட்டிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் முறுக்கு திருடல."

"இல்லம்மா."

"அத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அத்தைங்ககிட்ட சொல்லுங்க."

குடும்ப வாட்ஸ்அப்பில் முப்பத்தொரு பேர். குரல் பதிவு போடத்தான் வேண்டும் என்று என் முன்னால் நின்றாள். முதல் தடவை முணுமுணுத்தேன். இரண்டாவது தடவை, பொடி, கலப்படம் என்று சுற்றி வளைத்தேன். அழிக்கச் சொன்னாள்.

"வாய்க்குள்ளயே பேசாதீங்கப்பா. என் பேரச் சொல்லி, சத்தமா. அன்னிக்குக் கத்துன மாதிரி."