சத்தம் வராத அடி

7 ஜூலை 1991, ஞாயிறு
கல்லூரி நாடகத்துக்கு ஒத்திகை. பெண்டாட்டியை அடிக்கும் காட்சி. பகலவன் பெல்ட்டைத் தரையில்தான் வீசுகிறான், அலறுவது நான். அதற்கே பார்த்துக்கொண்டிருந்த தோழி எழிலரசி முகத்தை மூடிக்கொண்டாள். மூடட்டும். பார்க்கிறவர்கள் பொறுக்காமல் எழுந்து "நிறுத்துடா" என்று கத்த வேண்டும். அதுவரை அடி ஓயாது.

அனுமதி கேட்கப் போனால் ஸ்டேஷனில் ஒரே கேள்வி: "வெடி கிடி ஒண்ணும் இல்லியே?" மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் வேறு எதைக் கேட்பார்கள்? பெல்ட் மட்டும்தான் என்றேன். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

14 ஜூலை
ஊர்த் திடலில் நாடகம் போட்டோம். மானம் போயிற்று.

பகலவன் அடித்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசை ஆள் ஒருவர் மேடையேறினார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கோலி சோடாவை உடைத்து அவன் கையில் கொடுத்தார்! "குட்ச்சிட்டு அடிப்பா, களைச்சிப் பூட்டே." ஒரே கைதட்டல். நன்றாக நடிப்பவனுக்குச் சோடா கொடுப்பது இங்கே வழக்கம்தான், எங்களுக்குத்தான் தோன்றவில்லை. அந்த மடையன் குடிக்கவும் குடித்தான்.

15 ஜூலை
நாடகம் பார்க்க வந்த கங்கா அக்கா காலையில் வடக்குப்பட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் சொன்னாள்: "இன்னாடி சசி, அடிக்கு இம்மாஞ் சத்தமா? வூட்டுல அடிச்சா வெளிய ஒண்ணுமே கேக்காது. ரேடியோவ அலற வுட்டுட்டு இல்ல அடிப்பாங்க."

சிரித்தபடிதான் சொன்னாள். மாமா ரேடியோ வைத்தால் தெருமுனை வரை கேட்கும். பாட்டுப் பைத்தியம் என்று நானே அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன் — ஐயோ, அக்கா!

20 ஜூலை
பெல்ட் வேண்டாம். மேடையில் ஒரு சாத்திய கதவு, உள்ளே ரேடியோ. பகலவனுக்குக் கோபம்: "அப்ப எனுக்கு நடிப்பே இல்லியா?" இல்லை.

4 ஆகஸ்ட், வடக்குப்பட்டு
அக்காவின் ஊரிலேயே நாடகம் போட்டோம். கதவைச் சாத்தினோம். ரேடியோ அலறியது. கைதட்டல் இல்லை, சோடாவும் வரவில்லை. ஆண்கள் பீடி பற்றவைத்தார்கள். பெண்கள் தலை குனிந்திருந்தார்கள். ஐந்து நிமிடம் போயிருக்கும். அக்காவின் பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள் எழுந்தார்.

"அத்த நிறுத்துங்கடா! எத்தினி வருசமா கேட்டுக்கினே கீறது?"

மாமா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தாயாரம்மாளை முறைத்துக்கொண்டிருந்தார். யாராவது எழுந்து கத்த வேண்டும் என்றுதானே கேட்டேன்? இந்தக் கோபத்தை வீட்டுக்குப் போய் யார் மேல் காட்டுவார்?

7 ஆகஸ்ட்
அக்காவிடமிருந்து தகவல் இல்லை. பாவி, நாடகம் போட்டு அவளை மாட்டிவிட்டேனே.

11 ஆகஸ்ட்
அக்கா வந்தாள். வந்ததும் வராததுமாக அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சும்மா இருடி, ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமே இல்லைதான்.

வியாழக்கிழமை மாமா ரேடியோவைத் திருகினாராம், செய்தி கேட்கத்தான். தலைப்புச் செய்தி முடிவதற்குள் வாசலில் ஆறு பெண்கள். முன்னால் தாயாரம்மாள். யாரும் வாய் திறக்கவில்லையாம். செய்தி முழுவதையும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்களாம்.