உள்ளே போட்ட கம்பளிச் சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? அப்பாவின் இருமல் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் வெந்துபோயிருக்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே இருக்கும் புழுக்கத்தில் துவைத்த துணிகூடக் காய அடம்பிடிக்கிறது. நான் இஸ்திரி போடும் ஓட்டல் சலவைக்கூடத்தில் அதோடு நீராவியும் சேர்ந்துகொள்ளும். போன வாரம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பதறாதீர்கள். பக்கத்து மேசை அக்கா என் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "அடிப்பாவி! உள்ள கம்பளியா போட்டிருக்க?" என்று கத்தினாள். நம் ஊர்க் குளிர் நெஞ்சில் ஏறக்கூடாதென்று நீங்கள் பின்னிக் கொடுத்ததுதான். இங்கே வந்தும் காலையில் கை தானாக எடுத்து மாட்டிவிடுகிறது.

"உனக்கு இந்த ஊரு ஒத்துக்காதும்மா, கெளம்பிடு" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒத்துக்க வெச்சுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

பருத்தி உள்சட்டை இரண்டும், வேர்க்குருப் பவுடரும் அனுப்புங்கள். உங்கள் பழைய புடவை ஒன்றும் வையுங்கள். சும்மா, தலைக்கு வைத்துக்கொள்ளத்தான். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

இரண்டே வாரத்தில் நான் ஊருக்கு ஓடிவந்துவிடுவேன் என்று சொன்ன சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: கம்பளிச் சட்டையைத் துணிப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். அதை மாட்டிக்கொண்டு வருவேன், லீவுக்கு மட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
வாயாடி