ஜெபித்து முடித்த காரியம்

மே 28

என் அன்பான பயந்தாங்கொள்ளிக்கு,

கர்த்தருடைய கிருபையால் பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வழி நெடுக என் தோளில்தான் தூங்கினார். எழுப்ப மனசில்லை, போதகர் உத்தியோகம் என்னை விட்டபாடில்லை.

உன் தம்பி வீட்டில் எல்லாமே பொத்தான். நேற்று வெந்நீர் வைக்கப் போய் எதையோ அழுத்தி வீடு முழுக்க அபாய மணி அடித்துவிட்டது. மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். உன் தம்பி மட்டும் உம்மென்று இருந்தான். கண் ஆபரேஷன் அடுத்த வாரம். அது முடிந்து டாக்டர் அனுப்புகிற வரைக்கும் நான் இங்கே கைதி. போனில் பேசலாமே என்கிறான். போனில் எனக்குப் பாதி கேட்காது, கேட்கிற பாதி சண்டையில் முடியும். நாம் கடிதமே எழுதுவோம்.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். சர்ச் பின்கட்டில் பாய் விரித்து ஆரம்பித்தது இன்றைக்கு எப்படி வளர்ந்து நிற்கிறது பார். ஆனால் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்ததும் வேறு பள்ளிக்கூட வாசலில் போய்க் கெஞ்சி நிற்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் மாடி எழும்பட்டும், பதினொன்றும் பன்னிரண்டும் அங்கே வரட்டும். புறப்படுவதற்கு முன் பள்ளிக் கமிட்டி முழுவதும் முழங்காலில் நின்று ஜெபித்தோமே, அதோடு காரியம் முடிந்தது. தலைவர் நான் ஊரில் இல்லாவிட்டாலும் மற்றதைத் துணைத்தலைவர் பல் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

நீ தலைமையாசிரியை நாற்காலியில் தைரியமாக உட்கார். சிட்டுவின் காதைத் திருகித் தாத்தா கேட்டதாகச் சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் பெரியப்பா


ஜூன் 14

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று தம்பி சொன்னான். சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டுக்கொள்ளுங்கள். தலையைக் குனிந்து எழுதாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

சேர்க்கை நாளில் வாசல் வரைக்கும் கூட்டம். இடமில்லை என்று திருப்பி அனுப்பும்போது ஓர் அம்மா என் கையை விடவே இல்லை. அதனால் இரண்டாம் மாடி வேண்டாம் என்று சொல்கிறவள் நான் இல்லை. எனக்கும் அது ஆசைதான். இதை முதலில் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாலாம் வகுப்பு அறையில் ஜன்னல் மூலையிலிருந்து உத்தரம் வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். கோடையில் வெள்ளையடித்தபோது மறைந்தது, இப்போது திரும்பவும் தெரிகிறது. உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். வீட்டுப் பிளான் வரைகிறவருக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் தூக்கம் வராதே. மைக்ராஸ்கோப்புக்கு வைக்கிற மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டச் சொன்னார். சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்குமாம். சுவர் அசைந்தால் உடையுமாம்.

மேலே செங்கல் ஏற்ற ஆரம்பித்த வாரத்திலேயே உடைந்துவிட்டது பெரியப்பா. நேர் நடுவில், கோடு கிழித்த மாதிரி. அந்தச் சுவர் ஓரத்து பெஞ்சில்தான் சிட்டு உட்காருகிறாள்.

ஓர் எஞ்சினியர் வந்து பார்க்கட்டும், அதுவரை செங்கல் ஏற்ற வேண்டாம் என்று துணைத்தலைவருக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். நான் சொன்னால் எடுபடவில்லை.

உங்கள் மகள்


ஜூன் 26

பயந்தாங்கொள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணில் கட்டோடு சிரிக்கக் கூடாதாம், மருமகள் திட்டினாள்.

சின்ன வயதில் சர்ச் மணிக்கூண்டுப் படியில் பூதம் இருக்கிறதென்று அலறினவள் நீ. "ஏறும்மா, ஒண்ணுமில்ல" என்றேன். அழுதுகொண்டே ஏறினாய். பூதம் இருந்ததா? பழைய கட்டடம் என்றால் நாலு கீறல் இருக்கத்தான் செய்யும். என் முகத்தில் இல்லையா? கண்ணாடியைப் பிள்ளைகள் எவனாவது பந்தடித்து உடைத்திருப்பான்.

பல் டாக்டரிடம் போனில் கேட்டேன். "ஐயா, பல்லுல விரிசல் விட்டா அடைச்சிட்டு மேல தொப்பி போடறேன், அது பாட்டுக்குக் கடிக்குது. இதுக்குப் போய் மேடம் பேயறைஞ்ச மாதிரி நிக்கறாங்க" என்றார். மனுஷன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஜெபித்து முடித்த காரியத்தை மறுபடி கிளறுவது நமக்கு வழக்கமில்லை. அது அவிசுவாசம் மகளே. பெற்றவர்கள் இல்லாத உன்னைத் தூக்கி வளர்த்தபோதும் என் கையில் ஒன்றும் இல்லை, விசுவாசம்தான் இருந்தது.

நன்றாகச் சாப்பிடு. பயம் பசியிலிருந்துதான் வருகிறது.

உன் பெரியப்பா


ஜூலை 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். பயம் போகவில்லை.

இரண்டாவது கண்ணாடியைப் பந்து எட்டாத உயரத்தில் ஒட்டினேன். அதுவும் உடைந்தது. நாலாம் வகுப்பை நூலகத்துக்கு மாற்றினேன். துணைத்தலைவர் வந்து, "சேர்க்கை நேரத்துல பெத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்று அன்றைக்கே திரும்பவும் பழைய அறைக்கு அனுப்பிவிட்டார். காண்டிராக்டர் கொண்டுவந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பூச்சு சுருங்கியிருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டான். மறுநாள் அதன் மேல் பூசி, வானவில் வரைந்து, பெரிய எழுத்தில் 'பயப்படாதே' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எழுத்து காய்ந்த வாரமே அதற்குக் குறுக்கே மயிரிழையாகக் கோடு திரும்பி வந்துவிட்டது. பிள்ளைகள் அதை விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

அந்த அறைக் கதவு இப்போது சாத்தினால் திறப்பதில்லை. தோளால் இடித்துத் திறக்கிறோம். திங்கட்கிழமை கணக்குப் பாடத்தின் நடுவில் மேலே படீரென்று ஒரு சத்தம். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னிடம் வந்து, "மேடம், நான் லீவு எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

கமிட்டியில் பேச எழுந்தேன். வாய் திறப்பதற்குள் துணைத்தலைவர், "முதல்ல ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் முழங்காலில். இரண்டாம் மாடி நன்றாக எழும்ப வேண்டும் என்று ஜெபம். நானும் ஆமென் சொன்னேன். சொன்ன அதே வாயால் எழுந்து எப்படி மாட்டேன் என்பது? நம் கமிட்டியில் எந்தத் திட்டமும் இப்படித்தான் நிறைவேறுகிறது பெரியப்பா. கேள்வி கேட்கிறவள் உங்களிடம் கேட்பதில்லை, ஆண்டவரிடமே கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

உங்கள் மாப்பிள்ளை, "சிட்டுவ மட்டுமாவது சத்தமில்லாம வேற ஸ்கூல்ல சேர்த்துடு, யாருக்கும் தெரிய வேணாம்" என்கிறார். ஒரு நிமிஷம் சரி என்றுதான் பட்டது. பிறகு அந்த பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. எனக்கு என்னையே பிடிக்காமல் போய்விட்டது.

தினமும் காலையில் மணி அடித்து எல்லோரையும் அதற்குள்ளே அனுப்புகிறேன். மாலையில் கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை மூச்சுவிட முடிவதில்லை. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ‘பொறு’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 20

மகளுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சொட்டு மருந்தினால் கை சரியாக நிற்கவில்லை.

வேலை நிற்காது. துணைத்தலைவரிடம் சொல்லிவிட்டேன். என் காலத்துக்குள் அந்த மாடியைப் பார்க்க வேண்டும். இப்போது நிறுத்தினால் பிறகு யார் எடுத்துக் கட்டுவார்கள்? பிள்ளைகள் முன்னால் பயந்த முகத்தோடு நிற்கிற தலைமையாசிரியை பள்ளிக்கு ஆகாது. உன்னால் முடியாவிட்டால் சொல், அந்த நாற்காலிக்கு ஆள் இருக்கிறது.

இதைப் பற்றி இனி எழுதாதே.

பெரியப்பா


ஆகஸ்ட் 4

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதவிடுங்கள். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பல் டாக்டர் இரண்டாம் மாடியின் படத்தை ஆளுயரத்துக்கு வரைந்து மாட்டியிருந்தார். கை தட்டினார்கள். பிள்ளைகள் அவரவர் வகுப்பில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னை வரவேற்புரை சொல்லக் கூப்பிட்டார்கள். கைப்பையில் சிட்டுவின் டி.சி. இருந்தது. எல்லோர் முன்னாலும் அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். "இது என் பொண்ணோட டி.சி. நாலாம் வகுப்பு ரூம்ல அவள உட்கார வைக்க எனக்குப் பயமா இருக்கு. அப்புறம் உங்க பிள்ளைங்கள எப்படி உட்கார வைப்பேன்?" என்றேன். குரல் நடுங்கியது. நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

முதலில் ஓர் அம்மா செருப்பைக்கூடப் போடாமல் வகுப்பைப் பார்த்து ஓடினாள். அவள் பின்னால் எல்லோரும்.

பெற்றவர்கள் கொடுத்த புகாரின் பேரில் செவ்வாய்க்கிழமை அரசாங்க எஞ்சினியர் வந்தார். வானவில்லைச் சுரண்டினார். உத்தரத்துக் கம்பி துருப்பிடித்து ஊதிப்போயிருந்தது. "நாளைக்கே விழும்னு சொல்ல மாட்டேன். விழாதுன்னும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக் கட்டடத்தைப் பூட்டிவிட்டார். முழுவதும் சோதிக்க மாதக்கணக்காகுமாம். நான் செய்தது சரியென்று சொல்ல இதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. சுவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இப்போது சர்ச்சிலும் சைக்கிள் கொட்டகையிலும் வகுப்பு நடக்கிறது. பாதிப் பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொன்றிலும் நானே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் பாய் விரித்துச் சேர்த்த பள்ளிக்கூடம் என் கை வழியாகக் கலைந்து போவதை உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் திட்டப் படத்தைச் சுருட்டி ஆபீசில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போட மனசு வரவில்லை.

என்னைக் கட்டாய விடுப்பில் அனுப்பக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. உங்கள் கையெழுத்துக்குத் தாள் வரும். போட்டுவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். பொய், வருத்தப்படுவேன்.

மணிக்கூண்டைப் பற்றி எழுதியிருந்தீர்களே. நீங்கள் கீழே நின்றுகொண்டுதான் பெரியப்பா "ஏறு" என்றீர்கள்.

சுவரை நினைத்து இனி எனக்குப் பயமில்லை. தபால்காரரைப் பார்த்தால்தான் ஈரக்குலை நடுங்குகிறது.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 23

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை உன் தம்பியை வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தச் சொன்னேன். மறுநாள் மீதியை வாசித்தான்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்து இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. ஊரைக் கூட்டி வைத்துச் செய்தாய். ஒரே காலையில் பள்ளி பாதியாகிவிட்டது. கொட்டகையில் உட்கார்ந்து பிள்ளைகள் படிப்பதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. இந்தக் கோபம் நான் ஊர் வந்து சேர்ந்த பிறகும் கொஞ்ச நாள் இருக்கும். அனுசரித்துக்கொள்.

உன் தம்பியிடம் கேட்டேன். "நீயா இருந்தா உன் பிள்ளைய அந்த ரூம்ல உட்கார வெச்சிருப்பியாடா?" எழுந்து போய், மூடியிருந்த குழாயை இன்னொரு தடவை மூடினான்.

கமிட்டி அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. தலைவர் பதவியே வேண்டாமென்று ஒரு ராஜினாமா எழுதினேன். மருமகள் அதை வாங்கிக் கிழித்தாள். "தப்பிச்சுப் போறதுக்கு இது நல்ல வழி மாமா" என்றாள். இந்த வீட்டில் எனக்கு மரியாதை அவ்வளவுதான்.

கை நடுங்கினதற்குச் சொட்டு மருந்து காரணமில்லை. இரண்டாவது கண்ணாடியும் உடைந்ததென்று நீ எழுதினாயே, அந்த வரியிலேயே எனக்கு உள்ளுக்குள் குளிர் எடுத்துவிட்டது. அதை வெளியே சொன்னால் இத்தனை வருஷம் பிரசங்கம் செய்ததற்கு என்ன அர்த்தம்? அதனால்தான் உன்னைத் திட்டினேன்.

மணிக்கூண்டுக்கு வருகிறேன். கீழே நின்றுதான் சொன்னேன். அந்தப் படியில் நான் இன்றுவரை ஏறியதில்லை. மணிக்கயிறு தரை வரைக்கும் ஏன் தொங்குகிறதென்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த மாதம் வருகிறேன். பள்ளி எந்தப் பக்கம் போக வேண்டுமென்று முதலிலிருந்து யோசிப்போம். மாடியோ, தரையோடு தரையாகப் புதுக் கட்டடமோ, இருக்கிற பிள்ளைகள் போதுமோ, எனக்குத் தெரியவில்லை. ஆனால் கமிட்டி கூடியதும் முழங்கால் போடக் கூடாது. யாருக்கு என்ன பயம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பல் டாக்டரும்தான். சொல்லி முடித்த பிறகு ஜெபம்.

நான் முதலில் சொல்கிறேன். எனக்கு உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையை அனுப்பாதே, நீயே வா. கண் இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. படி இருக்கிற இடமெல்லாம் கையைப் பிடித்து இறக்க ஆள் வேண்டும்.

உன் பெரியப்பா

பி.கு.: சிட்டுவின் டி.சி.யை வேறு எங்கேயும் கொடுக்காமல் வைத்திருந்தால், கொடுத்துவிடாதே. சர்ச்சில் முன் பெஞ்சில் அவளுக்கு இடம் போட்டுவைக்கச் சொல்.