அப்பாவுக்கு ஒன்றும் இல்லை

நாகலாபுரம்
11.10.2003

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், அங்கே நீயும் உன்னோடு வந்த காலேஜ் பிள்ளைகளும் சுகமாக இருக்கப் பெருமாள் துணை. சுகம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை வேணி, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, நெஞ்சுவலி வந்ததும் பொய், ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பொய். திங்கட்கிழமை நான்தான் ரசூல் பீவி அக்கா கடை போனில் ஒரு வருஷத் தொண்டு வேலைக்கு உங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய மதுரை ஆபீஸுக்குப் பேசி, பிள்ளையை உடனே வரச் சொல்லுங்கள் என்று அழுதேன். அந்த நேரத்தில் அப்பா கிழக்குப் புஞ்சையில் உளுந்து விதைத்துக்கொண்டிருந்தார்கள், மத்தியானம் வந்து கம்மஞ்சோறு தின்றுவிட்டுத் திரும்பவும் போனார்கள். அவர்களுக்கு இன்னும் இது தெரியாது.

எல்லாம் நீ போன மாதம் அனுப்பிய போட்டோவால் வந்தது. உன் தலையில் தண்ணீர்க் குடம், பக்கத்தில் நீ தங்கியிருக்கும் வீட்டு எஸ்தர் அம்மா, இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரிக்கிறீர்கள். மலாவியில் எல்லாரும் இப்படித்தான் தூக்குகிறார்கள், எஸ்தர் அம்மாதான் பழக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே ஒரு குடம் உன்னைத் தூக்க விட்டிருக்கிறேனா, லாரித் தண்ணீருக்கு நான்தானே வரிசையில் நின்று சண்டை போட்டேன், ஒன்பதாவது படிக்கும்போது நீ ஒருநாள் குடத்தைத் தொட்டதற்கு அடித்துக்கூட இருக்கிறேன். அங்கே போய்த் தூக்கவா இத்தனை பாடு என்று வயிறு எரிந்தது. அதைவிட, மறைக்காமல் சொல்கிறேன், அந்த அம்மா பெயரை ஒரே கடிதத்தில் ஏழு இடத்தில் எழுதியிருந்தாய். எனக்குப் பொறாமை.

மழைக்கு முந்திய இந்த நாட்களில் எனக்கு என்னமோ ஆகிவிடுகிறது. உழுது போட்ட கரிசல் கண்ணுக்கெட்டிய மட்டும் கறுப்பாகக் கிடக்கிறது, மேலே மேகம் வருகிறது போகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. மத்தியானம் வேலிக்கருவை நிழலில் கண் அயர்ந்தால் வானம் தரையைத் தொடுகிற இடத்தில் நீ நடந்து போகிறாய், கூப்பிட்டாலும் திரும்பவில்லை, நானும் எழுந்து வருகிறேன், வர வர அந்த இடம் தள்ளிப் போகிறது. முழித்துப் பார்த்தால் ஆடுகள்தான் நிற்கும். எனக்கு விடிந்து மூன்றரை மணி கழித்துத்தான் உனக்கு விடியும் என்று நீ சொன்னதிலிருந்து, பால் கறந்துவிட்டுச் செம்பை மெல்லத்தான் கீழே வைக்கிறேன், வேணி தூங்குவாள் என்று. கிறுக்குத்தனம்தான், செய்கிறேன். அப்படியே இருந்து இருந்துதான் அன்றைக்கு அந்தப் பொய்யையும் சொன்னேன்.

புதன்கிழமை அதே கடை போனில் நீ வந்தாய். அழுவாய் என்று நினைத்தேன், சேர்ந்து அழ நானும் தயாராக நின்றேன். நீயோ, எம்மா, பதறாத, வலி எங்கன தொடங்கி எங்கன போகுது, வேர்த்துச்சா, டாக்டர் என்ன சொன்னாவ, கூட யாரு இருக்கா என்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாய். நீ சாப்பிட்டியாம்மா என்று என்னையும் கேட்டாய். ஆட்டுக்குட்டி காலில் முள் குத்தி ரத்தம் வந்தால் மயங்கி விழுந்த பிள்ளைதானே நீ. பிறகு, கஞ்சி குடிக்க வார நாப்பது பிள்ளைகளையும் எடை போட்டு எழுதுதது நான்தான், அதை இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருபதாந்தேதி பிளேன் ஏறிருதேன் என்றாய். அப்போது உன் குரல் உடைந்தது. அது அப்பாவுக்காகவா அந்தப் பிள்ளைகளுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். ரசூல் பீவி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏட்டி பாலம்மா, இம்புட்டு விவரமான பிள்ளைகிட்டயா பொய் சொல்லுத என்றாள்.

ஊருக்குள் பேச வெட்கப்பட்டு நேற்று பஸ் ஏறிக் கோவில்பட்டி போய் எஸ்டிடி பூத்தில் இருந்து ஆபீஸ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, டிக்கெட்டை நிறுத்தி உனக்கும் சொல்லிவிடுவதாகச் சொன்னார், காரணத்தை நீங்களே எழுதுங்கம்மா என்றார். அதுதான் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் நீ கோபப்பட்டு முடித்திருந்தால் நல்லது, முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கோபப்படு, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அப்பாவிடம் நாளைக்குச் சாப்பாடு போடும்போது சொல்லிவிடுவேன், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எஸ்தர் அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல், பொய் சொன்னதையும் சொல், அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கொசுவலை இல்லாமல் படுக்காதே. பெருமாள் உனக்கு நல்ல புத்தியும் உடம்பில் தெம்பும் தரட்டும். ஆனி மாதம் உன் வருஷம் முடிகிற அன்றைக்குப் புறப்பட்டு வா. ஒருநாள் முந்தி வந்தாலும் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

உன் அம்மா
ந. பாலம்மாள்