ஆப்பிள் மரத்தில் இறங்கிய தேனீக்கள்

என் கண்ணே,

நேற்று ஒரு தேனீக்கூட்டம் நம் ஆப்பிள் மரத்தில் வந்து இறங்கியது. "யாரோடது?" என்று கேட்டேன்.

"உங்க மருமகப்பிள்ளையோடதுதான் எசமான்," என்று தோட்டக்காரன் கஜிமியெஷ் பல்லைக் காட்டினான். "ஒருத்தரோட தேனீ இன்னொருத்தர் வீட்டுல வந்து தங்கிட்டா ரெண்டு வீடும் சொந்தக்காரங்க. லித்துவேனியாவுல யாரு அத மீறுவா?"

குடியானவனோடு நமக்கென்ன சொந்தம் என்று கத்தினேன். கோபத்தில், நாம் யாரென்று அவனுக்குக் காட்ட நம் வம்சத்தின் முதல் பட்டயத்தையே எடுத்துப் புரட்டினேன். இளவரசர் நிலமும் பிரபுப் பட்டமும் கொடுத்த நம் மூதாதை யார் தெரியுமா? காட்டில் தேன் எடுத்தவன்.

நீ அவரை மணந்த அன்று, வம்ச மரப் படத்தில் உன் கிளையை நான் சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்துவிட்டது, மை ஊறுகிறது. ஆனாலும் உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் எழுதிவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

பிள்ளைக்கு என்னம்மா பெயர் வைத்தீர்கள்?

கூட்டைக் கலைக்காமல் காத்திருக்கும்,
அப்பா